மருந்து தருபவர் மருந்து எழுதலாமா?

மருத்துவத்தின் கூறுகள் நான்கு என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் வகுக்கின்றது. நோயுற்றவன் ஒருவன், நோயைத் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, உடனிருந்து உதவுபவன் ஒருவன். இந்த நான்காமவனை வள்ளுவர் ‘உழைச்செல்வான்’ என்பார். நோயாளியின் அருகிருந்து பணிசெய்பவன் என்று இச்சொல்லுக்குப் பொருள் கொள்வாரும் உளர். மருந்தைப் பிழையாமல் இயற்றுபவன் என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். அவர் கருத்துப்படி நோக்கினால், தீர்ப்பவர் டாக்டர், உழைச்செல்பவர் மருந்தாளர். இருவர் தொழிலும் வேறு வேறு.

இவ்விரு தொழிலுக்கும் இடையே உள்ள வரம்பைப் பிரிட்டன் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாற்றி அமைத்து வருகின்றது. தனிப் பயிற்சி பெற்றுத் தேறிய மருந்தாளர், அந்நாட்டில், டாக்டரின் கையொப்பத்தை எதிர்பாராமல், தாமே நோயாளியை ஆராய்ந்து மருந்துச் சீட்டு எழுதலாம். மருந்தை நன்கு அறிந்தவருக்கு மருந்து எழுதப் பயிற்சி எதற்கு என்று கேட்கத் தோன்றும். அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய வழக்கு ஒன்று

இங்கிலாந்தில் இவ்வரம்பு பண்டு தொட்டே பூசலுக்கு உரியதாக இருந்தது. மருந்து கூட்டி விற்றவர்களை அந்நாட்டார் ‘அபாத்திகரி’ என்று அழைத்தனர். அவர்களுள் வில்லியம் ரோஸ் என்பவர் நோயாளிக்குத் தாமே மருந்து வகுத்துக் கொடுத்தார் என்று லண்டன் மருத்துவர் கல்லூரி வழக்குத் தொடுத்தது. கீழ் மன்றில் ரோஸ் தோற்றார். ஆயினும் 1704இல் பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை மாற்றி, அவர் பக்கம் முடிவு கூறியது. நாளடைவில் அபாத்திகரிகள் பொது மருத்துவர்களாக உயர்ந்தனர். மருந்து விற்கும் தொழில் வேறொரு வகுப்பாரிடம் சென்றது. அவர்கள் 1841இல் தங்களுக்கென மருந்தாளர் சங்கம் ஒன்றை நிறுவினர். எனவே, மருந்துக் கடையிலிருந்து மருத்துவத்திற்குச் செல்லும் வழி அந்நாட்டிற்குப் புதியதன்று.

உரிமை வந்த வரலாறு

டாக்டர் அல்லாதாரும் தக்க பயிற்சியுடன் மருந்து எழுதலாம் என்று, டாக்டர் ஜூன் கிரவுன் தலைமையில் அமைந்த குழு 1999இல் பரிந்துரைத்தது. அதன் பயனாக 2003இல் மருந்தாளருக்குத் துணைநிலை உரிமை கிடைத்தது. நோய் இன்னதென்று டாக்டர் முடிவு செய்வார். அவரும் மருந்தாளரும் நோயாளியின் இசைவுடன் ஒரு சிகிச்சைத் திட்டத்தை எழுத்தில் வகுப்பர். அத்திட்டத்தின் எல்லைக்குள் மருந்தாளர் மருந்தின் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், மாற்றலாம். தோட்ட மருத்துவமனைகளில், அவ்வப்போது வந்துபோகும் டாக்டரின் மேற்பார்வையில் டிரசர் மருந்து கொடுத்த பழைய முறையை அறிந்தவர்களுக்கு இது ஓரளவு விளங்கும். ஆயினும் இங்கே ஒவ்வொரு நோயாளிக்கும் எழுத்திலான திட்டம் இன்றியமையாதது.

2006இல் தனித்து எழுதும் உரிமை வந்தது. நோயை ஆராய்தல், முடிவு செய்தல், மருந்து எழுதுதல், அதன் விளைவுக்குப் பொறுப்பேற்றல் ஆகிய நான்கும் மருந்தாளரையே சார்ந்தன. 2012இல், சில விலக்குகளுடன், கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வலிநீக்கி மருந்துகளையும் எழுதும் உரிமை சேர்ந்தது.

மருந்தறிவும் நோயறிவும்

மருந்தாளரின் அறிவு எங்கே வலிது, எங்கே மெலிது என்பதை இரண்டு எடுத்துக்காட்டுகளால் உணரலாம்.

இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் உண்ணும் முதியவர் ஒருவருக்குக் கணுக்கால் வீங்குகின்றது. வீக்கத்தைப் புதிய நோயென்று எண்ணினால், நீர் பிரியும் மாத்திரை ஒன்று கூடுதலாக எழுதப்படும். அம்மாத்திரையால் உடலின் உப்புகள் குறைந்தால் அதற்கும் ஒரு மருந்து வரும். இவ்வாறு மருந்துக்கு மருந்தாகச் சங்கிலி நீளும். கணுக்கால் வீக்கம் அம்லோடிபினின் பக்கவிளைவாகவும் இருக்கக்கூடும் என்பது மருந்தாளருக்கு முதலிலேயே நினைவுக்கு வரும். இங்கே அவர் அறிவு வலிது.

மற்றொருவர் நெஞ்செரிச்சலுக்கு மருந்து கேட்டு வருகின்றார். அமிலம் குறைக்கும் ஒமிப்ரசோலின் அளவும் இயல்பும் மருந்தாளருக்கு மனப்பாடம். ஆனால் அவருக்கு உணவு விழுங்குவது கடினமாகியுள்ளதா, உடல் எடை காரணமின்றிக் குறைந்துள்ளதா என்று கேட்க வேண்டும். இருப்பின், அது புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். கேளாமல் மருந்து கொடுத்தால், எரிச்சல் தணியும். நோய் உள்ளே வளரும். கண்டறியும் காலம் தவறிவிடும். மருந்து சரியானதே, கொடுத்ததுதான் பிழை.

பயிற்சியின் தேவை இவ்விரண்டாம் எடுத்துக்காட்டில் அடங்கியுள்ளது. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்பது வள்ளுவர் காட்டும் வரிசை. மருந்தாளரின் பழைய கல்வி பெரும்பாலும் அவ்வரிசையின் இறுதிப் படியில் தொடங்கியது. புதிய பயிற்சி அவரை முதற்படிக்கு அழைத்துச் செல்கின்றது.

பயிற்சியின் அமைப்பு

பொது மருந்தாளர் மன்றத்தின் ஏற்புப் பெற்ற பல்கலைக்கழகங்கள் இப்பயிற்சியை நடத்துகின்றன. ஏற்கெனவே பதிவு பெற்ற மருந்தாளர் குறைந்தது 26 நாள் அளவுக்கு முறையான பாடம் கற்க வேண்டும். அத்துடன் குறைந்தது 90 மணி நேரம் நோயாளிகளிடையே மேற்பார்வையில் பயில வேண்டும். நோயாளியிடம் கேட்டறியும் முறை, உடலைச் சோதித்தல், ஒத்த அறிகுறியுடைய நோய்களைப் பிரித்தறிதல், ஆபத்துக் குறிகளை இனங்காணல், தமக்கு மேற்பட்டது எனக் கண்டால் உரியவரிடம் அனுப்புதல் ஆகியவை பாடங்கள். முன்னர் டாக்டரே வழிகாட்டியாக இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 2019க்குப் பின், அனுபவம் மிக்க, மருந்து எழுதும் உரிமையுடைய பிற துறையினரும் வழிகாட்டலாம் என்றாயிற்று.

தேர்வு முறை ஆசிரியர்கள் கருதத்தக்கது. பள்ளித் தேர்வில் ஒரு வினாவில் இழந்த புள்ளியை மற்றொரு வினாவில் ஈட்டலாம். இங்கே அது செல்லாது. கடுமையான நோய்க்குறி ஒன்றைக் காணத் தவறினாலோ, நோயாளிக்குத் தீங்கு விளைக்கும் விடை எழுதினாலோ, மற்றவற்றில் எத்துணைப் புள்ளி பெற்றிருப்பினும் பயிற்சி முழுவதிலும் தோல்வியே. உயிர் சார்ந்த கல்விக்குச் சராசரி உதவாது என்பதே இதன் கருத்து.

மருந்து எழுதாமல் விடுவதும் இப்பயிற்சியில் ஒரு திறனாகவே மதிக்கப்படுகின்றது. உணவு மாற்றம், காத்திருத்தல், இருக்கும் மருந்தை நிறுத்துதல் ஆகியவற்றையும் எண்ணிப் பார்த்த பின்னரே மருந்து எழுத வேண்டும்.

இரண்டாவது கண்

டாக்டர் எழுதிய சீட்டை மருந்தாளர் சரிபார்ப்பது நோயாளிக்குப் பெரும் காவலாகும். அளவில் பிழையா, ஒன்றுக்கொன்று ஒவ்வாத மருந்துகளா என்று அவர் கண் தேடும். மருந்தாளரே எழுதித் தாமே கொடுத்தால் அக்காவல் போய்விடும். விற்பனை நோக்கம் எழுதுகோலைத் தூண்டவும் கூடும். ஆதலின் எழுதுதலும் கொடுத்தலும் இயன்றவரை வெவ்வேறு ஆளிடம் இருக்க வேண்டும் என்றும், இயலாத வேளையில் தகுதியுடைய இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்றும் அங்கே நெறி வகுத்துள்ளனர்.

சிங்கப்பூர் வேறு வழியைத் தேர்ந்துள்ளது. அங்கே 2018இல் தொடங்கிய கூட்டு மருந்தெழுதும் திட்டத்தில், பயிற்சி பெற்ற மருந்தாளரும் உயர்நிலைத் தாதியரும் டாக்டருடன் செய்துகொண்ட உடன்பாட்டின் எல்லைக்குள் மருந்து எழுதுகின்றனர்.

பிரிட்டனோ மேலும் ஓரடி முன்செல்கின்றது. 2021இல் வகுத்த புதிய கல்வி நெறிகளின்படி, 2026 முதல் பயிற்சி முடித்து வரும் மருந்தாளர்கள் பதிவு பெறும்போதே இவ்வுரிமையையும் பெறுவர். முன்னர் பதிவுக்குப் பின் 2 ஆண்டு அனுபவம் இருந்தாலன்றி இப்பயிற்சியில் சேர இயலாது. 2022இல் அவ்விதி நீங்கியது. இத்துணை மாணவர்க்கும் அருகிருந்து கற்பிக்கப் போதிய வழிகாட்டிகள் கிடைப்பார்களா என்ற கவலை அத்துறையினரிடையே எழுந்தது நியாயமே. பாடத்தை நூலிலிருந்து கற்கலாம். ‘இவருக்கு இன்று மருந்து வேண்டாம்’ என்று துணியும் தெளிவை, அவ்வாறு துணிந்த ஒருவரின் பக்கத்தில் நின்றே கற்க வேண்டும். உரிமையைச் சட்டம் ஒரே நாளில் வழங்கிவிடும். அதற்குரிய கையைப் பழக்கும் பொறுப்பு ஆசிரியருடையது.