கோபப்படும் பிள்ளையிடம் முதலில் ஒரு கேள்வி

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனை)

குடும்ப வாழ்வு பற்றிய நம் சிந்தனையில் இன்று பிள்ளைகளின் கோபத்தைப் பற்றிப் பார்ப்போம்.

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் ஒன்று இது. அண்ணன் அடுக்கி வைத்ததைத் தங்கை தட்டிவிடுகிறாள். அவன் அவளை அடிக்கிறான். அவள் அலறுகிறாள். வேலை முடிந்து அலுப்போடு வந்த அப்பா, "தங்கச்சியை அடிப்பியா? இனிமே அடிப்பியா?" என்று கேட்டுக்கொண்டே பையனை நாலு அடி வைக்கிறார். அடிக்கக் கூடாது என்ற பாடத்தை அடித்துச் சொல்லிக்கொடுக்கிறார். பையன் கற்றுக்கொள்வது என்ன? தன்னைவிடச் சிறியவர்களை அடிக்கலாம், பெரியவர்களைத்தான் அடிக்க முடியாது என்பதையே. நாளை அவனும் பெரியவனாவான்.

கோபமே பாவம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நற்செய்தி அப்படிச் சொல்லவில்லை. ஓய்வுநாளில், தொழுகைக்கூடத்தில், கை சூம்பியவர் ஒருவர் இருந்தார். அவரைக் குணமாக்கினால் குற்றம் சாட்டலாம் என்று சிலர் காத்திருந்தார்கள். அவர்களுடைய கல்மனத்தைக் கண்டு இயேசு சினந்தார், வருந்தவும் செய்தார் என்று மாற்கு எழுதுகிறார் (மாற் 3:5). அந்தச் சினத்தோடு ஆண்டவர் யாரையும் அடிக்கவில்லை. சூம்பிய கையைக் குணமாக்கினார். புனித பவுலும் எபேசு மக்களுக்கு எழுதும்போது, கோபம் வரவே கூடாது என்று சொல்லாமல், அது பாவத்தில் போய் முடியக் கூடாது, பொழுது சாய்வதற்குள் தணிந்துவிட வேண்டும் என்றே அறிவுறுத்துகிறார் (எபே 4:26). கோபம் என்பது ஓர் உணர்வு. அடிப்பது, உடைப்பது, கெட்ட வார்த்தை பேசுவது ஆகியவை செயல்கள். உணர்வை ஏற்றுக்கொண்டு செயலுக்கு வரம்பு கட்டுவதைத்தான் நம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும்.

எப்படிக் கற்றுத்தருவது? கடவுளே நமக்கு வழி காட்டுகிறார். தம்பி ஆபேலின் காணிக்கை ஏற்கப்பட்டதைக் கண்டு காயினுக்குக் கடுங்கோபம் வருகிறது, முகம் வாடிப்போகிறது. கொலை இன்னும் நடக்கவில்லை. கடவுள் அவனிடம் பேச வருகிறார். முதலில் அவர் தண்டிக்கவில்லை. உனக்கு ஏன் இந்தக் கோபம் என்று கேட்கிறார். பிறகுதான், பாவம் வாசலில் காத்திருக்கிறது, அதை நீ அடக்கி ஆள வேண்டும் என்று எச்சரிக்கிறார் (தொநூ 4:6-7). காயின் பதில் சொன்னதாக விவிலியத்தில் இல்லை. அவனுக்குள்ளேயே தங்கிவிட்ட கோபம் வயல்வெளியில் கொலையாக மாறியது.

ஊதாரி மைந்தன் உவமையில் வரும் மூத்த மகனையும் பாருங்கள் (லூக் 15:25-32). அவன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் வர மறுக்கிறான். தந்தை வெளியே அவனைத் தேடிப் போகிறார். மகன் தன் மனக்குறை முழுவதையும் கொட்டித் தீர்க்கும்வரை கேட்கிறார். ஆனால் அவன் கோபப்பட்டான் என்பதற்காக விருந்தை நிறுத்தவில்லை. கோபத்தைக் கேட்பது வேறு, கோபத்துக்குப் பணிந்துபோவது வேறு. கடையில் அழுது புரளும் பிள்ளையின் ஏமாற்றத்தைப் புரிந்துகொள்ளலாம். அதற்காகக் கேட்டதை வாங்கிக் கொடுத்துவிட வேண்டியதில்லை.

கோபம் வரும்போது உடலில் என்ன நடக்கிறது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, கை இறுகுகிறது. யோசித்து நிதானிக்க உதவும் மூளையின் முன்பகுதி முழுமையாக வளர்ச்சியடைய ஏறத்தாழ 25 வயதாகிறது. ஐந்து வயதுப் பிள்ளை கோபத்தின் உச்சியில் இருக்கும்போது நீளமான அறிவுரை அதன் காதில் ஏறாது. அறிவுரை நல்ல விதைதான். ஆனால் வயலில் வெள்ளம் ஓடும்போது யாரும் விதைப்பதில்லை.

ஆகவே, பெற்றோர் செய்யக்கூடியவை சில.

முதலாவது, நீங்கள் நிதானமாகுங்கள். பிள்ளையின் உயரத்துக்கு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். கத்தும் வீட்டில் பிள்ளை கத்தத்தான் கற்றுக்கொள்ளும்.

இரண்டாவது, கையைத் தடுங்கள், உணர்வைத் தடுக்காதீர்கள். "உனக்குக் கோபம் வந்திருக்குன்னு தெரியுது கண்ணா. ஆனா தங்கச்சியை அடிக்க விடமாட்டேன்" என்று சொன்னால் போதும்.

மூன்றாவது, உடல் தணிய வழி காட்டுங்கள். மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லுங்கள். ஒரு தம்ளர் தண்ணீர், முற்றத்தில் சிறிது நடை, ஒரு தாளில் படம் வரைவது ஆகியவையும் உதவும். இவற்றை அமைதியான நேரத்தில் விளையாட்டாகப் பழக்கினால்தான் கோபம் வரும்போது கைகொடுக்கும். தலையணையைக் குத்தினால் கோபம் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அப்படிக் குத்துவது கோபத்தைத் தணிப்பதில்லை, கூட்டவும் கூடும் என்றே ஆய்வுகள் காட்டுகின்றன.

நான்காவது, கோபத்துக்குப் பின்னால் இருப்பதைக் கேளுங்கள். எரிச்சல், ஏமாற்றம், பொறாமை, அவமானம், பயம், ஏக்கம் என்று நம் தமிழில் எத்தனை சொற்கள்! உள்ளே இருப்பதற்குப் பெயர் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் கையை ஓங்கும் தேவை குறைகிறது. சில நேரம் காரணம் வெறும் பசியாகவோ தூக்கமாகவோ இருக்கும். மனம் வெறுத்துச் சாக விரும்பிய எலியாவுக்குக் கடவுள் முதலில் தூக்கத்தையும் உணவையும் கொடுத்தார். கேள்வி அதன் பிறகுதான் வந்தது (1 அர 19).

ஐந்தாவது, தணிந்த பிறகு சரிசெய்யச் சொல்லுங்கள். அடித்த அண்ணன் தங்கையிடம் போய் ஆறுதல் சொல்லட்டும். தட்டிவிட்ட தங்கை திரும்ப அடுக்க உதவட்டும். கட்டாயத்துக்காக உதட்டில் வரும் "சாரி"யைவிட இது மேலானது. குடும்பத்தில் சண்டை வந்தாலும் சமாதானம் ஆகாமல் அந்த நாளை முடிக்காதீர்கள் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு மே 13 அன்று, தம் புதன் மறைக்கல்வி உரையில் குடும்பங்களைக் கேட்டுக்கொண்டார். அதற்குப் பெரிய பேச்சு வேண்டாம், அன்பான ஒரு சின்னச் சைகை போதும் என்றார்.

இன்னும் ஒன்று. "ஆம்பளப் பையன், கோபம் வரத்தான் செய்யும், ஆனா அழக் கூடாது" என்கிறோம். "பொட்டப்பிள்ளைக்கு இவ்வளவு கோபமா?" என்றும் கேட்கிறோம். அழத் தடைசெய்யப்பட்ட பையனின் துக்கம் பின்னாளில் கோபமாக வெளிவரலாம். கோபப்படத் தடைசெய்யப்பட்ட பெண், தனக்கு அநீதி நடக்கும்போதும் வாய்மூடி நிற்கலாம். இருவருக்கும் ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுப்போம்.

புனித தொன் போஸ்கோவின் வாழ்வு இதற்கு நல்ல சான்று. ஏறத்தாழ ஒன்பது வயதில் அவர் ஒரு கனவு கண்டார். சிறுவர் கூட்டம் ஒன்று கெட்ட வார்த்தை பேசிச் சண்டையிட, இவரும் பாய்ந்துபோய்க் கைமுட்டியால் அவர்களை அடக்கப் பார்த்தார். அப்போது மாண்புமிகு மனிதர் ஒருவர் தோன்றி, அடித்து அல்ல, கனிவாலும் அன்பாலும் இவர்களை நண்பர்களாக்க வேண்டும் என்றார். அவருடைய வீட்டிலேயே கோபம் இருந்தது. மாற்றாந்தாய் மகனான அண்ணன் அந்தோணியோ, இவர் படிப்பதைக் கண்டாலே சீறுவார். அந்தச் சண்டையால் தொன் போஸ்கோ சிறுவயதிலேயே வேறொரு பண்ணையில் வேலைக்குப் போக நேர்ந்தது. அந்த அண்ணனோ மூன்று வயதில் தாயையும் ஒன்பது வயதில் தந்தையையும் இழந்தவர். அவருடைய கோபத்துக்குப் பின்னால் எவ்வளவு துயரம் இருந்திருக்கும்! முட்டியோடு பாய்ந்த அச்சிறுவன் பின்னாளில் கனிவுக்குப் பெயர்பெற்ற புனித பிரான்சிஸ் டி சேல்ஸ் பெயரால் 1859-இல் சலேசிய சபையைத் தொடங்கினார்; தண்டனைக்குப் பதில் அறிவு, சமயம், அன்புக்கனிவு ஆகியவற்றைத் தம் கல்விமுறையின் அடித்தளமாக வைத்தார்.

அன்பார்ந்தவர்களே, சில கோபங்களுக்கு வீட்டு வைத்தியம் போதாது. பிள்ளை தன்னையோ பிறரையோ அடிக்கடி காயப்படுத்தினால், அல்லது அமைதியாக இருந்த பிள்ளை திடீரென மாறிவிட்டால், எங்கோ யாரோ அதைத் துன்புறுத்துகிறார்களா என்று பொறுமையாக விசாரியுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள். குழந்தைகளுக்கான 1098, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகிய எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். உதவி கேட்பது குடும்பத்துக்கு இழுக்கு அல்ல.

இந்த வாரம் ஒன்றை மட்டும் செய்து பார்ப்போம். பிள்ளை கோபப்படும்போது, கையை ஓங்குவதற்கு முன், "என்னப்பா ஆச்சு? என்னம்மா ஆச்சு?" என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருப்போம். இரவு குடும்ப செபம் முடிந்ததும், யாருக்கு யார்மேல் மனவருத்தம் என்று பேசி, நெற்றியில் சிலுவை வரைந்து படுக்கப் போவோம்.

செபிப்போம்: பொறுமை மிக்க தந்தையே, எங்கள் கோபத்திலும் எங்களைத் தேடி வருபவர் நீர். எங்கள் பிள்ளைகளின் அழுகைக்குப் பின்னால் இருப்பதைக் கேட்கும் காதுகளையும், அடிக்காத கைகளையும் எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவர் கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.