தபாலில் வரும் நாட்டு விதை: யாரிடம் வாங்குவது?

கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் பிழைப்புத் தேடி வெளியூர் சென்ற நம்மவர் பலர். அவர்களோடு பல விதைகளும் போய்விட்டன என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. வடஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த குடும்பங்களில் லைன் வீட்டு வேலியில் அவரையும் கூரையில் பூசணியும் வளர்க்காதவர் குறைவு. அந்த விதைக்கு யாரும் காசு கொடுத்ததில்லை. சாம்பலில் புரட்டிப் பானையில் வைப்பார்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு பிடி போகும்.

இன்று அந்தக் கைமாற்று நின்றுவிட்டது. நாட்டுக் காய்கறி போட விரும்புகிறவர் விதை நிறுவனங்களையே நாட வேண்டியுள்ளது. தபாலில் விதை விற்பது இந்தியாவில் பழைய தொழில்தான். புனேயில் போச்சா நிறுவனம் 1884-லும், கல்கத்தாவில் சட்டன் நிறுவனம் 1912-லும் தொடங்கப்பட்டவை. இப்போதோ நூற்றுக்கணக்கானோர் விற்கிறார்கள். ஆகவே யாரை நம்புவது என்பதுதான் கேள்வி.

என் அனுபவத்தில் ஒரே அளவுகோல் போதும். இந்தப் பொட்டலத்திலிருந்து வரும் செடியில் நான் விதை எடுத்தால், அடுத்த ஆண்டும் அதே காய் காய்க்குமா? இதற்கு நேராகப் பதில் சொல்லும் நிறுவனமே நமக்கு உகந்தது.

வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் பொட்டலத்தில் 'எஃப்-1' என்று போட்டிருக்கும். நன்றாகவே காய்க்கும், ஆனால் அதன் விதையில் வரும் செடிகள் பல விதமாகப் பிரிந்துபோகும். உதாரணமாக, ஹெசரகட்டாவிலுள்ள இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய தக்காளிகளில் 'அர்க்கா ரக்ஷக்' ஒட்டு ரகம்; 'அர்க்கா விகாஸ்' விதை எடுத்து வைக்கக்கூடிய ரகம். விகாஸும் பாட்டன் காலத்து நாட்டு ரகமன்று. விதை எடுக்க முடிவதெல்லாம் நாட்டு ரகமாகிவிடாது. இந்த வேறுபாட்டை மறைக்காமல் சொல்பவரே நேர்மையானவர்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை:

1. ரகத்தின் பெயரும் ஊரும். 'நாட்டுக் கத்தரி' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளு கத்தரி போல, எந்த ஊர் ரகம், யாரிடம் பெற்றது என்று சொல்ல வேண்டும்.

2. சோதனைத் தேதியும் முளைப்புத் திறனும். அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச அளவு தக்காளி, கத்தரிக்கு 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. தேதி இல்லாத பொட்டலத்தைத் தொட வேண்டாம்.

3. விதைக்கு விட்ட முறை. அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், அதிகம் கலக்காது. பூசணி, சுரைக்குத் தேனீயே தரகர். "விதைக்கு விட்ட இடத்தின் அருகே வேறு பூசணி இருந்ததா?" என்று எழுதிக் கேளுங்கள். நான் மூன்று இடங்களுக்கு இப்படி எழுதினேன். இரண்டிலிருந்து விலைப்பட்டியல் வந்தது. மூன்றாவது இடத்திலிருந்து வயலின் விவரமே வந்தது. அங்கேதான் வாங்கினேன்.

4. படம். நீல ஸ்ட்ராபெரி, வானவில் தக்காளி என்று படம் போடுபவரிடம் நாட்டு விதையைத் தேடுவது வீண்.

5. தொலைவு. நம் தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,800 அடி உயரத்தில் உள்ளது, மழையும் குறைவு. இதுபோன்ற மேட்டு நிலத்தில் விளைந்த விதை நமக்கு எளிதில் ஒத்துவரும். பெங்களூரில் 2001 முதல் இயங்கும் 'சஹஜ சம்ருத்த' என்ற உழவர் அமைப்பு பாரம்பரிய விதைகளைச் சேகரித்து விற்கிறது.

பொட்டலம் வந்ததும் பத்து விதைகளை ஈரத்துணியில் மடித்து வையுங்கள். கத்தரி, தக்காளிக்கு இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். ஏழு முளைத்தால் நல்லது. நான்குகூட வராவிட்டால், ஆடிப் பட்டம் தவறுமுன் வேறிடம் பார்க்கலாம். சாயம் பூசிய விதை மருந்திட்டது. குழந்தைகள் கையில் எட்டக்கூடாது.

சயனைடு மண்மேடுகளின் அருகில் குடியிருப்பவர்கள் அந்த மண்ணில் காய்கறி போட வேண்டாம். வெளியிலிருந்து நல்ல செம்மண்ணும் தொழுவுரமும் கொண்டுவந்து தொட்டியில் வளர்ப்பதே நலம்.

எவ்வளவு நல்ல நிறுவனமும் விற்காத ரகத்தைத் தயாரிப்பதை நிறுத்திவிடும். பட்டியலிலிருந்து போன பெயர் திரும்புவது அரிது. எனவே முதல் ஆண்டு வாங்குங்கள். மறு ஆண்டு உங்கள் செடியில் நோயற்ற, நடுவில் காய்த்த நல்ல காய்களை முற்றவிட்டு விதை எடுங்கள். பெயர், ஊர், ஆண்டு எழுதிய சீட்டோடு இரண்டு வீடுகளுக்காவது கொடுங்கள்.

தங்கவயலை விட்டுச் சென்ற அன்பர்களில் யாரிடமேனும் பழைய லைன் வீட்டு அவரையோ பூசணியோ இன்னும் இருந்தால், அடுத்த பொங்கல் கூட்டத்திற்கு ஒரு பிடி விதை கொண்டு வருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அதை எந்தப் பட்டியலிலும் விலைக்கு வாங்க முடியாது.