தைராய்டு, பாராதைராய்டு சுரப்பிகள்

தைராய்டு (கேடயச் சுரப்பி) என்பது கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயை ஒட்டி அமைந்துள்ள நாளமில்லாச் சுரப்பியாகும். வண்ணத்துப்பூச்சி போன்ற வடிவமுடைய இதன் இரு மடல்களை நடுவிலுள்ள ஒரு குறுகிய திசு இணைக்கிறது. வளர்ந்தவர்களில் இதன் எடை ஏறத்தாழ 15 முதல் 25 கிராம் வரை இருக்கும். இதன் பின்புறத்தில், பெரும்பாலானவர்களுக்கு நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உள்ளன. இவை ஒவ்வொன்றும் ஓர் அரிசி அல்லது பருப்பின் அளவே இருக்கும்.

தைராய்டின் பணி

தைராய்டு நுண்ணிய பைகளால் ஆனது. இவற்றின் சுவர்ச் செல்கள் இரத்தத்திலுள்ள அயோடினை ஈர்த்து, தைராக்சின், ட்ரைஅயோடோதைரோனின் ஆகிய ஹார்மோன்களை உருவாக்குகின்றன. முன்னதில் நான்கு அயோடின் அணுக்களும் பின்னதில் மூன்றும் உள்ளன. வளர்சிதை மாற்றம், உடல் வெப்பம், இதயத்துடிப்பு, குழந்தைகளின் மூளை வளர்ச்சி ஆகியவற்றுக்கு இவை இன்றியமையாதவை. பிட்யூட்டரி சுரப்பியின் தைராய்டு தூண்டும் ஹார்மோன் இச்சுரப்பை முடுக்குகிறது. இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன்கள் கூடினால் அத்தூண்டல் குறையும். அயோடின் போதாதபோது தூண்டல் தொடர்ந்து மிகுவதால் சுரப்பி வீங்கி, முன்கழுத்துக் கழலை உண்டாகிறது. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை.

பாராதைராய்டின் பணி

பாராதைராய்டு ஹார்மோன் இரத்தத்தின் கால்சிய அளவைக் காக்கிறது. அந்த அளவு குறைந்தவுடன் இது எலும்பிலிருந்து கால்சியத்தை விடுவிக்கிறது. சிறுநீரில் அது வீணாவதைக் குறைக்கிறது. சிறுநீரகத்தில் வைட்டமின் டி செயலூக்கம் பெறச் செய்து, குடல் கூடுதலாகக் கால்சியத்தை உறிஞ்ச உதவுகிறது.

கண்டுபிடிப்பும் மருத்துவ முக்கியத்துவமும்

மனிதரில் இச்சுரப்பிகளை 1880 இல் சுவீடனைச் சேர்ந்த இவார் சான்ட்ஸ்ட்ரோம் விவரித்தார். இவற்றின் பணி அறியப்படாத அக்காலத்தில், தைராய்டை முழுமையாக அகற்றிய அறுவைகளுக்குப் பின் சிலருக்குக் கைகால் தசைகள் இறுகும் டெட்டனி ஏற்பட்டது, சிலர் இறந்தனர். தைராய்டுடன் பாராதைராய்டுகளும் நீக்கப்பட்டதோ சேதமுற்றதோ இதற்குக் காரணம். கால்சியம் குறையும்போது நரம்புகள் எளிதில் கிளர்ச்சியடைகின்றன. குரல்வளைத் தசை இறுகினால் மூச்சே தடைபடலாம்.

எனவே இன்றைய அறுவை மருத்துவர்கள் இச்சுரப்பிகளை அவற்றின் இரத்தக் குழாய்களுடன் காக்க முயல்கின்றனர். காக்க இயலாதபோது, அகற்றிய சுரப்பியைச் சிறு துண்டுகளாக்கிக் கழுத்துத் தசையிலோ முன்கைத் தசையிலோ பதிப்பதும் உண்டு. அறுவைக்குப் பின் வாயைச் சுற்றியோ விரல் நுனிகளிலோ மரமரப்பு தோன்றினால், அது கால்சியக் குறைவின் முதல் அறிகுறியாக இருக்கலாம்; உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.