பொன்முடிச் சாலையில் ஒரு பள்ளி: மைதானம் யார் பொறுப்பு?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் செல்லும் சாலை, கல்லாற்றைத் தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பொன்முடியை அடைகிறது. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன் போட்டி நடந்தபோது அந்த மலையின் பெயர் சில நாள்கள் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் இடம்பெற்றது. ஆனால், இந்திய விளையாட்டு வரலாற்றில் அதைவிட முக்கியமான ஓர் இடம் மலைக்குக் கீழே, அதே நெடுமங்காடு வட்டத்தில் இருக்கிறது. அருவிக்கரையை அடுத்த மைலத்தில் உள்ள ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிதான் அது.

கேரள விளையாட்டுக் கவுன்சிலை நிறுவிய கோதவர்ம ராஜாவின் பெயரைத் தாங்கிய அரசு உறைவிடப் பள்ளி இது. 1971-இல் குலு பள்ளத்தாக்கில் நேரிட்ட விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். அவரது பிறந்த நாளான அக்டோபர் 13 கேரளத்தில் விளையாட்டு தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

எர்ணாகுளம் மாவட்டம் கிழக்கம்பலத்தைச் சேர்ந்த பி.ஆர். ஸ்ரீஜேஷ், 12 வயதில் இப்பள்ளிக்கு வந்தபோது ஓட்டக்காரர். பயிற்சியாளர்களின் யோசனையை ஏற்றுத்தான் ஹாக்கி கோல்கீப்பரானார். கோல்கீப்பருக்கான கவச உடை வாங்க அவரது தந்தை வீட்டுப் பசுவை விற்ற கதையைக் கேரளத்தில் அறியாதவர் குறைவு. அந்த மாணவர்தான் 2021 ஆகஸ்ட் 5-இல், டோக்கியோ ஒலிம்பிக்கின் வெண்கலப் பதக்க ஆட்டத்தில், ஜெர்மனிக்குக் கிடைத்த கடைசி பெனால்டி கார்னரைத் தடுத்து 5-4 என்ற வெற்றியைக் காத்தார். பாரீஸில் 2024-இல் மீண்டும் ஒரு வெண்கலம். அத்துடன் அவர் ஓய்வு பெற்றார். அவரது 16-ஆம் எண் சீருடைக்கும் ஹாக்கி இந்தியா ஓய்வு அளித்தது.

அதன் பிறகு நடந்ததுதான் கவனத்துக்குரியது. பாரீஸிலிருந்து திரும்பிய ஸ்ரீஜேஷுக்குத் திருவனந்தபுரத்தில் 2024 ஆகஸ்டில் நடைபெறுவதாக இருந்த பாராட்டு விழா, கடைசி நேரத்தில் ஒத்திவைக்கப்பட்டது. அவர் பொதுக் கல்வித் துறையின் அதிகாரி. ஆகவே விழாவை அத்துறை ஏற்பாடு செய்தது. ஒலிம்பிக் பதக்கத்துக்கான பாராட்டு எங்கள் பொறுப்பு என்றது விளையாட்டுத் துறை. ஒரே அமைச்சரவையின் இரு துறைகள் ஒரு கோல்கீப்பரை இரு பக்கமும் இழுத்தன. இதைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். மூன்றே மாதங்களில் அதே பிளவு பள்ளி மாணவர்கள் மீது விழுந்ததால் அப்படிக் கடக்க இயலவில்லை.

கொச்சியில் 2024 நவம்பரில் மாநிலப் பள்ளி விளையாட்டு விழா ஒலிம்பிக் பாணியில் நடைபெற்றது. தடகளத்தில் சிறந்த பள்ளிகளின் வரிசையில் முதலிடம் கடகசேரி ஐடியல் பள்ளிக்கு. இரண்டாமிடம் தங்களுக்கே என்று திருநாவாய நவமுகுந்தா பள்ளியும், மூன்றாமிடம் தங்களுக்கு என்று கோதமங்கலம் மார் பேசில் பள்ளியும் காத்திருந்தன. நிறைவு விழா மேடையில் இரண்டாமிடத்துக்கு ஜி.வி. ராஜா பள்ளியின் பெயர் அறிவிக்கப்பட்டது. அரசுச் செலவில் தங்கிப் பயிற்சி பெறும் விளையாட்டுப் பள்ளியைப் பொதுப் பள்ளிகளோடு ஒரே தட்டில் வைப்பது எவ்வகை நியாயம் என்று மற்ற இரு பள்ளியினரும் கொதித்தனர். கூச்சலும் தள்ளுமுள்ளும் ஏற்பட்டு, காவல் துறையினர் தலையிட நேர்ந்தது. போராட்டத்தில் ஈடுபட்ட இரு பள்ளிகளையும் அடுத்த ஆண்டு விழாவிலிருந்து விலக்கி அரசு ஆணையிட்டது. பள்ளிகள் வருத்தம் தெரிவித்த பின்னர் அத்தடை நீக்கப்பட்டது.

தடை நீங்கியது சரி. பரிசு விதியைத் தெளிவாக வகுக்காதது பெரியவர்கள். ஒரு பருவத்தை இழக்கும் அச்சத்தில் வாழ்ந்தது 16 வயது மாணவர்கள்.

தங்களுக்கெனச் சொந்த விளையாட்டுப் பருவத்தை வைத்திருந்த தேவாலயப் பள்ளிகளின் காலம் மங்கிவருவதையும் இந்தச் சச்சரவோடு சேர்த்தே பார்க்க வேண்டும். கேரளத் தடகளத்தில் பலமுறை சாம்பியனான கோதமங்கலம் செயின்ட் ஜார்ஜ் பள்ளி, அண்மை ஆண்டுகளில் களத்திலிருந்தே ஒதுங்கிவிட்டது. ஸ்ரீஜேஷ் முதலில் படித்தவையும் கிழக்கம்பலத்தின் செயின்ட் ஆன்டனி, செயின்ட் ஜோசப் பள்ளிகளே. அங்கு அவர் ஓடினார், தாண்டினார். ஹாக்கி மட்டையைப் பிடிப்பதற்கு அரசுப் பள்ளிக்கு வர வேண்டியிருந்தது.

முன்பு நிலைமை தலைகீழாக இருந்தது. இந்திய ஹாக்கிக்கு ராணுவ முகாமும் மிஷன் பள்ளி மைதானமுமே இரு தொட்டில்கள். 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் முதல் தங்கம் வென்ற அணியின் தலைவரும், பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் பழங்குடியினரின் குரலாக ஒலித்தவருமான ஜெய்பால் சிங் முண்டா, ராஞ்சியின் ஆங்கிலிக்கன் மிஷன் பள்ளி மாணவர். மும்பை பாந்த்ராவில் இயேசு சபையினர் நடத்தும் செயின்ட் ஸ்டானிஸ்லாஸ் பள்ளி, ஜோகிம் கார்வாலோ, மார்செலஸ் கோம்ஸ் உள்ளிட்ட இந்திய வீரர்களைத் தந்தது. ஜார்க்கண்டின் சிம்டேகாவிலும் ஒடிசாவின் சுந்தர்கரிலும் கிராமத்துக் கிராமம் மோதி, வென்ற அணி ஆட்டுக்கடாவைப் பரிசாக ஓட்டிச் செல்லும் போட்டிகள் நடக்கும். தேவாலயமும் பள்ளியும் மைதானமும் அருகருகே அமைந்த கிராமங்கள் அவை.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தை 2-1 என வென்று வெண்கலம் பெற்ற இந்திய அணியில் இந்த இரு தொட்டில்களும் சேர்ந்திருந்தன. சிம்டேகாவின் மைக்கேல் கிண்டோ பின்களத்தில். கண்ணூர் பர்ணசேரியில் பிறந்து ராணுவத்தில் ஆட்டம் கற்ற மானுவல் ஃபிரெடரிக் கோல் கம்பங்களுக்கு நடுவில். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் மலையாளி அவர். முகக்கவசம் இல்லாமல் பந்தை எதிர்கொண்ட தலைமுறை. கேரளத்துக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் ஸ்ரீஜேஷ் மூலம் வர 49 ஆண்டுகள் ஆயின. 2025 அக்டோபர் 31-இல் பெங்களூரில் ஃபிரெடரிக் காலமானார்.

இடையில் மாறியது தரை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதல்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. இந்தியா ஏழாம் இடத்தில் நின்றது. 1928 முதல் பதக்கமின்றித் திரும்பியது அதுவே முதல் தடவை. 1980 மாஸ்கோவில், சென்னை லயோலா கல்லூரியில் படித்த வி. பாஸ்கரன் தலைமையில் தங்கம் கிடைத்தது உண்மைதான். ஆனால், பள்ளிகள் அந்தத் தரையைப் பின்தொடர முடியவில்லை. 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கொண்ட களம், அடியில் விரிப்பு, ஆட்டத்துக்கு முன் நனைக்கக் குழாய்கள், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுத் தரை என்று பல கோடி ரூபாய் தேவைப்படும் ஏற்பாடு அது. மாணவரின் கட்டணத்தையும் பழைய மாணவரின் நன்கொடையையும் நம்பி நடக்கும் பள்ளிக்கு அது எட்டாக்கனி. செம்மண்ணில் பந்து துள்ளும்; செயற்கைத் தரையில் வழுக்கி ஓடும். 15 வயது வரை மண்ணில் ஆடியவர் அதன் பிறகு வேறோர் ஆட்டத்தையே கற்க வேண்டியிருக்கிறது.

விளைவு, ஆட்டம் மாநில அரசுகளின் கைக்கு வந்தது. 2018 முதல் தேசிய அணிகளுக்கு ஒடிசா அரசு புரவலராக உள்ளது. 2025 இறுதியில் இளையோர் உலகக் கோப்பையைச் சென்னையிலும் மதுரையிலும் தமிழக அரசு நடத்தியது. அதில் வெண்கலம் வென்ற இந்திய இளையோரின் பயிற்சியாளர் வேறு யாருமல்ல, ஸ்ரீஜேஷ்.

பேஸ்பாலின் கதை வேறு தினுசு. இந்திய அமெச்சூர் பேஸ்பால் சம்மேளனம் 1983-இல் தொடங்கப்பட்டது. பள்ளி விளையாட்டுச் சம்மேளனத்தின் பட்டியலிலும் இவ்வாட்டம் உண்டு. செயற்கைத் தரை வேண்டாம். கிரிக்கெட்டில் பந்தெறிந்து பழகிய கை போதும். கிரிக்கெட் அணியில் இடம் கிடைக்காத பையன் இதில் மாநில அளவுக்கு எளிதில் போய்விடலாம். கேரளத்தில் மாநிலப் போட்டியில் ஆடியவருக்கு அரசுத் தேர்வில் கருணை மதிப்பெண் உண்டு என்பதைப் பெற்றோர் நன்கு அறிவர். ஆட்டத்துக்காகச் சான்றிதழா, சான்றிதழுக்காக ஆட்டமா என்று கேட்டால் பலரும் புன்னகைப்பர். உத்தரப் பிரதேசத்தின் ஈட்டி எறியும் வீரர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் 2008-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது. அவர்கள் பள்ளி பேஸ்பாலில் உருவானவர்கள் அல்லர். தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கண்டெடுக்கப்பட்டவர்கள். 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் பேஸ்பால் மீண்டும் இடம்பெறுகிறது.

தலைநகரில் ஹாக்கி நினைவுக்கு வருவது பெரும்பாலும் தோல்வியின்போதுதான். 2008 மார்ச்சில் சிலியில் பிரிட்டனிடம் தோற்று, பெய்ஜிங் ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தபோது, சம்மேளனத் தலைவர் கே.பி.எஸ். கில் விலக வேண்டும் என்று அரசியல் கட்சிகள் முழங்கின. அப்போது பயிற்சியாளராக இருந்தவர் பாந்த்ரா பள்ளியின் கார்வாலோ. ஹாக்கி நமது தேசிய விளையாட்டு என்று மேடைதோறும் சொல்லப்பட்டாலும், எந்த விளையாட்டையும் அவ்வாறு அறிவிக்கவில்லை என 2012-இல் மத்திய விளையாட்டு அமைச்சகமே தகவலுரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கொடுத்தது.

2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. நியமன உறுப்பினரும் இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவருமான பி.டி. உஷா அதை வரவேற்றுப் பேசினார். தேசிய விளையாட்டு வாரியம், தீர்ப்பாயம் என்று சட்டத்தின் பார்வை முழுவதும் சம்மேளனங்கள் மீதே படிந்துள்ளது. பள்ளி மைதானம் அதன் எல்லைக்கு வெளியே கிடக்கிறது.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் விளையாட்டு மாநிலப் பட்டியலின் 33-ஆவது இனம். கல்வியோ 1976-இன் 42-ஆவது திருத்தத்துக்குப் பின் பொதுப் பட்டியலில். பள்ளி விளையாட்டு இரண்டுக்கும் நடுவில். கேரளத்தில் நெடுங்காலம் 500 மாணவர்கள் இருந்தால்தான் நடுநிலைப் பிரிவுக்கு ஓர் உடற்கல்வி ஆசிரியர் என்ற கணக்கு இருந்தது. அதைத் தளர்த்தக் கோரி ஆசிரியர்கள் பலமுறை போராடினர். சிறிய பள்ளி ஒன்றில் மட்டையைக் கையில் கொடுக்கவே ஆள் இல்லை என்பதே அதன் பொருள்.

இது பற்றி எந்த உறுப்பினர் எக்கூட்டத்தொடரில் கேள்வி எழுப்பினாலும், அமைச்சகத்தின் எழுத்துப்பூர்வ பதில் வழக்கமாக ஒரே வாக்கியத்தில் தொடங்குகிறது: விளையாட்டு மாநிலங்களின் பொறுப்பு.