பல் வெளுக்க நீல விளக்கா? உதடு பத்திரம்!

ஊருக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். பல்லிலோ பழுப்புக் கறை. வாய்விட்டுச் சிரிக்கக் கூச்சம். அந்த நேரம் பார்த்து செல்போனில் ஒரு விளம்பரம் வருகிறது: ‘நீல விளக்கைச் சில நிமிடம் கடித்திருங்கள், பல் முத்தாகிவிடும்!’ யாருக்குத்தான் ஆசை வராது?

பணத்தை எடுக்குமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெளுப்பது எது?

பல்லை வெளுக்கச் செய்வது விளக்கு அல்ல, அதனுடன் வரும் பசை. அதில் பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது கார்பமைடு பெராக்சைடு இருக்கும். இது பல்லுக்குள் ஊடுருவி நிறப்பொருளைச் சிதைக்கிறது. விளக்கு வைத்தாலும் வைக்காவிட்டாலும் முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே பல ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

தோலுக்கு என்ன ஆபத்து?

பசை ஈறிலோ உதட்டிலோ பட்டால் அந்த இடம் வெளுத்து எரியும். பசை கடுமையானால் புண்ணாகும். புறஊதாக் கதிர் விடும் விளக்கு என்றால், வெயில் சுட்டதுபோல் உதடும் பொசுங்கும். கண்ணுக்கும் கெடுதி. நம்முடைய மாநிற, கருநிறத் தோலில் புண் ஆறிய பிறகும் கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும்.

டாக்சிசைக்ளின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், தோல் வெண்திட்டுக்குச் சோராலென் மருந்து எடுப்பவர்களுக்கும் கதிர் பட்டால் தோல் எளிதில் வெந்துபோகும். இவர்கள் டாக்டரைக் கேட்காமல் விளக்கின் பக்கமே போகக்கூடாது.

ஐரோப்பிய நாடுகளில் 2012 முதல் கட்டுப்பாடு உண்டு. 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரை பெராக்சைடு உள்ள பசையைப் பல் டாக்டர்களுக்கு மட்டுமே விற்கலாம். முதல் தடவை டாக்டர் முன்னிலையில்தான் போட வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் போடக்கூடாது.

கறை எந்தக் கறை?

டீ, வெற்றிலை, புகையிலைக் கறை பல்லின் மேலே படிவது. டாக்டர் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் போய்விடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நண்பர்கள் பலருக்கு இருப்பது வேறு. சிறுவயதில் குடித்த தண்ணீரில் இருந்த புளோரைடு, பல் உருவாகும்போதே உண்டாக்கிய கறை அது. வெளுக்கும் பசை போட்டால் வெள்ளைத் திட்டுகள் இன்னும் பளிச்சென்று தெரியவும் கூடும். கட்டிய பல்லும், அடைத்த இடமும் வெளுக்கவே வெளுக்காது.

என்ன செய்யலாம்?

பசை பட்டு எரிந்தால் உடனே நிறுத்திவிட்டு, நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். புண்ணானால் டாக்டரிடம் காட்டுங்கள். சுண்ணாம்பு, பற்பசை எதையும் தடவாதீர்கள்.

பெங்களூரில் விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்திலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கே.ஆர். மார்க்கெட் பஸ் ஏறினால் போதும். ஒருநாள் காலையில் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய், முதலில் கறை என்ன கறை என்று கேளுங்கள்.

பல் வெளுக்கப் போய் உதடு கருத்தால், பெண் வீட்டார் பார்ப்பது உதட்டைத்தான்!