தடுப்பது வேறு, தடை விதிப்பது வேறு



மாதச் சாமான் லிஸ்ட் வருவதும், மொத்த வியாபாரியின் விலைப்பட்டியல் வருவதும் இன்று வாட்ஸ்அப்பில்தான். வம்பு பேசுவோரும் மோசடிக்காரரும் அதே வழியில்தான் வருகிறார்கள். அவர்களை 'பிளாக்' செய்வது, குழுவிலிருந்து நீக்குவது, தடை விதிப்பது ஆகிய மூன்றையும் ஒன்றாக எண்ணுவதால் நமக்கு நஷ்டம் வருகிறது.

நம் ஊர் வழக்கத்திலேயே சொல்வோம். மேல வீதிக் கடைக்காரர் ஒருவருக்குக் கடன் தர மறுத்தால், அவர் கீழ வீதியில் போய் வாங்கிக்கொள்ளலாம். இது பிளாக். சங்கக் கூட்டத்துக்கே அவர் வரவேண்டாம் என்றால் அது நீக்கம். கடைத்தெருவுக்குள்ளேயே நுழையக்கூடாது என்றால்தான் தடை.

பிளாக் என்பது நம் ஒருவருடைய முடிவு. அந்த எண்ணிலிருந்து நமக்கு அழைப்போ செய்தியோ வராது. ஆனால் இருவரும் ஒரே குழுவில் இருந்தால், அங்கே அவர் எழுதுவதை நாம் பார்ப்போம். நாம் எழுதுவதை அவரும் பார்ப்பார். பணம் கேட்டு ஏமாற்றும் எண்ணை நாம் பிளாக் செய்தால் நம் கடைக்கு மட்டுமே பாதுகாப்பு. பக்கத்துக் கடைக்காரர் ஏமாறலாம். ஆகவே நிறுவனத்துக்கும் புகார் செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

நீக்குவது குழு அட்மினின் அதிகாரம். அதுவும் அந்த ஒரு குழுவோடு சரி. நீக்கப்பட்டவர் உறுப்பினர்களைத் தனித்தனியே தொடர்பு கொள்ளலாம். உறுப்பினர் ஒருவர் போட்ட செய்திக்கு அட்மினும் குற்றவாளியா என்ற வழக்கு, கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றின் தொடர்பாக நம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. அட்மினாக இருந்தது தவிர வேறு பங்கு இல்லையென்றால் அவர் பெயரை வழக்கிலிருந்து நீக்கவேண்டும் என்று 2021 டிசம்பரில் உத்தரவாயிற்று. எனவே பயத்தில் யாரையும் அவசரமாக நீக்கவேண்டியதில்லை.

தடை என்பது நிறுவனமே எண்ணை முடக்குவது. அந்த எண்ணில் எந்தக் குழுவும் இயங்காது, யாருக்கும் செய்தி போகாது. 2021 மே 15 முதல் ஜூன் 15 வரை ஒரே மாதத்தில் இந்தியாவில் சுமார் 20 லட்சம் கணக்குகளை வாட்ஸ்அப் முடக்கியது. அவற்றில் 95 சதவீதத்துக்கு மேல், அனுமதியின்றி மொத்தமாகவோ இயந்திர முறையிலோ செய்தி அனுப்பியதற்காக என்று அந்நிறுவனமே அறிக்கை தந்தது.

இங்கேதான் வணிகர் விழிக்கவேண்டும். தீபாவளித் தள்ளுபடி நோட்டீஸை முன்பின் தெரியாத ஆயிரம் எண்களுக்கு அனுப்புவதும், மாற்று வாட்ஸ்அப் செயலிகளை ஏற்றிக்கொள்வதும் நம் கடை எண்ணுக்கே தடையைக் கொண்டுவரும். மறுபரிசீலனை கேட்கலாம், ஆனால் அதுவரை ஆர்டர் நிற்கும்.

ஆகவே நாம் சொல்வது:

1. பாக்கி தகராறு, கோபப் பேச்சு போன்றவற்றுக்குக் குழுவில் நீக்கி அவமானப்படுத்தவேண்டாம். நேரில் பேசுங்கள். முடியாவிட்டால் பிளாக் போதும்.

2. குழுவுக்கே கேடு செய்பவரை ஒருமுறை எச்சரித்து, இரண்டு மூன்று அட்மின்கள் கலந்து நீக்குங்கள். காரணத்தை அவரிடம் சொல்லுங்கள்.

3. மோசடி எண் என்றால் புகார் செய்த பிறகு பிளாக் செய்யுங்கள்.

4. வாடிக்கையாளர் எண்களை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள்.

தராசைப் பார்த்து எடைக்கல் வைப்பவர்கள் நாம். குற்றத்தின் எடைக்குத் தக்கபடி கதவை மூடுவோம். கோபத்தில் நீக்கிய வாடிக்கையாளர் அடுத்த கடைப் படியேறினால், அவரைத் திரும்ப அழைக்க எந்தப் பொத்தானும் இல்லை.