ஒரே வாடிக்கையாளர், நான்கு பெயர்கள்!

உங்கள் செல்போனில் கான்டாக்ட்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். ‘மாமா’, ‘மாமா நியூ’, ‘மாமா ஆபீஸ்’ என்று ஒரே மாமா மூன்று இடங்களில் உட்கார்ந்திருப்பார். எந்த நம்பரில் அவர் எடுப்பார் என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் பிரச்சினை இல்லை. இதே கூத்து, லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் நடந்தால்? அதைச் சரிசெய்வதுதான் என்னுடைய வேலை.

கஸ்டமர் கேருக்கு போன் செய்கிறீர்கள். எடுப்பவர் உங்கள் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கிறார், போன மாதம் கொடுத்த புகாரையும் சொல்கிறார். அவர் திரையில் ஓடுவது சி.ஆர்.எம். எனப்படும் கஸ்டமர் ரிலேஷன்ஷிப் மேனேஜ்மென்ட் சாப்ட்வேர். 1993-ல் தொடங்கிய சீபெல், 1999-ல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற நிறுவனங்கள் பிரபலப்படுத்திய சமாச்சாரம் இது. ஆனால் அதே நிறுவனத்தில் பில் போட ஒரு சாப்ட்வேர், சர்வீஸ் ஆட்களுக்கு ஒன்று, இணையதளத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். ஒவ்வொன்றிலும் நீங்கள் தனித்தனியாகப் பதிவாகி இருப்பீர்கள்.

இந்தப் பதிவுகளையெல்லாம் ஒப்பிட்டு, ‘இவர்தான் அவர்’ என்று முடிவு செய்து, ஒரு நல்ல பதிவை உருவாக்குவது எம்.டி.எம்., அதாவது மாஸ்டர் டேட்டா மேனேஜ்மென்ட். அந்த நல்ல பதிவுக்கு கோல்டன் ரெக்கார்டு என்று பெயர். பழைய பதிவுகளை அழித்துவிடுவதில்லை. சி.ஆர்.எம்.மில் 4512-ம் எண், பில்லிங்கில் 88-ம் எண், இரண்டும் ஒருவரே என்று ஓர் இணைப்பு அட்டவணை வைத்துக்கொள்வோம். புது வாடிக்கையாளரைப் பதிவு செய்யும்போது சி.ஆர்.எம். முதலில் எம்.டி.எம்.மிடம் ‘இப்படி ஒருவர் ஏற்கெனவே இருக்கிறாரா?’ என்று கேட்கும். கேட்காமல் பதிவு செய்ய விட்டால் ஒரே மாதத்தில் பழைய குருடி கதைதான்.

‘ழ’ படுத்தும் பாடு

சரி, இரண்டு பதிவுகளும் ஒருவருடையதுதான் என்று கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதற்கு மிகப் பழைய வழி சவுண்டெக்ஸ். அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918-ல் காப்புரிமை பெற்ற முறையின் வாரிசு இது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற மெய்யெழுத்துகளை ஒலிக்கு ஏற்ப எண்களாக மாற்றும். லட்சுமியை ஆங்கிலத்தில் எக்ஸ் போட்டு எழுதினாலும், கே எஸ் எச் போட்டு எழுதினாலும் எல்250 என்றே விடை வரும். பிரமாதம்!

ஆனால் அழகனிடம் இது தோற்றுவிடும். ‘ழ’வுக்கு இசட் எச் போட்டால் ஏ225, எல் போட்டால் ஏ425. இரண்டு வேறு ஆட்கள் என்று சொல்லிவிடும். தனலட்சுமியை டி எச் போட்டு ஆரம்பித்தால் ஒருவர், டி-க்குப் பதில் ‘தாமஸ்’ போல எழுதினால் இன்னொருவர். முதல் எழுத்தே மாறுகிறதே!

அதனால் எழுத்து எழுத்தாக ஒப்பிடும் லெவன்ஷ்டைன் தொலைவையும் சேர்த்துக்கொள்கிறோம். இது 1965-ல் வந்தது. ஒரு பெயரை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தை மாற்றவோ, சேர்க்கவோ, நீக்கவோ வேண்டும் என்று எண்ணுவது. மேலே சொன்ன இரண்டு அழகன்களுக்கும் விடை 2 தான். பெயர், தெரு, பின்கோடு, போன் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவோம். மதிப்பெண் மிக அதிகமென்றால் தானாகவே சேரும், மிகக் குறைவென்றால் சேராது, இடையில் இருந்தால் ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்வார். இந்த மூன்று பிரிவுக் கணக்கை ஃபெலெகி, சன்டர் என்ற இருவர் 1969-லேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

நம் ஊருக்கென்று தனித் தலைவலி இனிஷியல். வெளிநாட்டு சி.ஆர்.எம்.களில் கடைசிப் பெயர் கட்டாயம். நம்மிடம் ஏது கடைசிப் பெயர்? ஆபரேட்டர் அந்தக் கட்டத்தில் ‘எஸ்’ என்று போடுவார், அப்பா பெயரைப் போடுவார், அவசரத்தில் வெறும் புள்ளி வைப்பார். கடைசிப் பெயர் ‘புள்ளி’ என்று உள்ள வாடிக்கையாளர்களை நான் வரிசை வரிசையாகப் பார்த்திருக்கிறேன்.

நான் செய்த தவறு

ஆட்களைச் சேர்த்த பிறகுதான் உண்மையான சிக்கல். இரண்டு பதிவுகளில் இரண்டு முகவரி இருந்தால் எதை எடுப்பது? கடைசியாகத் திருத்தப்பட்ட பதிவை எடு என்று ஒரே வரியில் விதி எழுதினேன். குடிநீர் சுத்திகரிப்புக் கருவி விற்கும் ஒரு நிறுவனத்துக்காக. முகவரிக்கும் போன் நம்பருக்கும் அது நன்றாகவே வேலை செய்தது. எனக்கும் பெருமைதான்.

ஒரு நாள் அங்கிருந்து ஒரு போன் உரையாடல் பதிவை அனுப்பிக் கேட்கச் சொன்னார்கள். வயதான ஓர் அம்மா. ‘தம்பி, அவர் தவறிட்டார்னு எத்தனை தடவைப்பா சொல்றது? மறுபடி மறுபடி அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுறீங்களே’ என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அது மூன்றாவது அழைப்பு.

முதல் அழைப்பிலேயே ஊழியர் சி.ஆர்.எம்.மில் ‘காலமானார், அழைக்க வேண்டாம்’ என்று சரியாகப் பதிந்திருந்தார். அன்றிரவு பில்லிங் சாப்ட்வேர் வருடாந்தர ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கும் வேலையை ஓட்டி, எல்லாப் பதிவுகளிலும் புதுத் தேதி போட்டிருக்கிறது. அங்கே அவர் ‘ஆக்டிவ்’. புதுத் தேதியைப் பார்த்த என் விதி பில்லிங்கை நம்பி, கோல்டன் ரெக்கார்டில் அவரை உயிர்ப்பித்து, சி.ஆர்.எம்.முக்கும் திருப்பி அனுப்பிவிட்டது. இரண்டாவது முறையும் இதே கதை. ஊழியர்கள் மேல் ஒரு தவறும் இல்லை. லாகைத் திறந்து பார்த்தேன், விதிக்குப் பக்கத்தில் என் பெயர்தான் இருந்தது.

அந்த அம்மாவிடம் மேலாளர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். நான் போகவில்லை. போயிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது. பழைய பேக்கப்பை எடுத்துத் தேடியபோது, அவர் கணவர் ஒருவர் மட்டுமல்ல என்பதும் தெரிந்தது.

விதியை மாற்றினேன். இப்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி விதி. முகவரிக்கு, வீட்டுக்கே போய் வரும் சர்வீஸ் ஆளின் பதிவை நம்பு. பில்லில் வரும் பெயருக்கு பில்லிங்கை நம்பு. ‘அழைக்க வேண்டாம்’ என்று எங்காவது ஓர் இடத்தில் இருந்தாலும் அதுவே செல்லும், தேதி பார்க்காதே. ‘காலமானார்’ என்ற குறியை எந்தத் தானியங்கி வேலையும் நீக்க முடியாது, ஒரு மனிதர்தான் நீக்க வேண்டும். பதிவின் தேதியைப் பார்க்காமல் அந்தக் குறிப்பிட்ட கட்டம் எப்போது மாறியது என்று பார்க்கும்படியும் செய்தேன். தவறாகச் சேர்த்துவிட்டால் பிரிக்கவும் ஒரு வசதி வைத்தேன். கூட்டுக் குடும்பத்தில் ஒரே முகவரி, ஒரே போன் நம்பரோடு ‘எம். முருகன்’ அண்ணனும் ‘எம். முருகேசன்’ தம்பியும் இருப்பார்கள், தெரியுமல்லவா?

நீங்கள் வீட்டிலிருந்தே சின்னக் கடையோ டியூஷனோ நடத்தி, எக்செல்லில் வாடிக்கையாளர் பட்டியல் வைத்திருக்கிறீர்களா? டேட்டா மெனுவில் உள்ள ரிமூவ் டூப்ளிகேட்ஸ் வசதியைத் தொடும் முன் அந்த ஷீட்டை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அது முதல் வரியை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடும். ‘எஸ்.முருகன்’ என்பதற்கும், நடுவில் இடைவெளி விட்ட ‘எஸ். முருகன்’ என்பதற்கும் அதற்கு ஒற்றுமை தெரியாது. கூகுள் கான்டாக்ட்ஸில் மெர்ஜ் செய்து தவறிவிட்டால் 30 நாட்களுக்குள் அன்டூ சேஞ்சஸ் மூலம் பழைய நிலைக்குத் திரும்பலாம். எக்செல்லில் ஒவ்வொருவருக்கும் பெயரைச் சாராத ஓர் எண் கொடுங்கள், போன் நம்பரைத் தனிக் காலத்தில் போடுங்கள். ‘அழைக்க வேண்டாம்’ என்று ஒரு காலமும், யார் எப்போது சொன்னார்கள் என்று அதற்குப் பக்கத்தில் இன்னொரு காலமும் இருக்கட்டும்.